வாசகர் கேள்வி – பதில்: தூரத்தைக் குறைக்கும் வண்டி எது?

கேள்வி: சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே விமானம், வந்தே பாரத், இரவு ரயில் எல்லாம் இருக்கின்றன. உண்மையில் தூரத்தைக் குறைப்பது எது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பறக்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் விமானத்தை மிஞ்ச எதுவும் இல்லை; ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் தூத்துக்குடி விமான நிலையத்தில் இறக்கிவிடும். ஆனால் அந்த நிலையம் இருப்பது வாகைக்குளத்தில். அங்கிருந்து நெல்லைக்குச் சுமார் 30 கிலோமீட்டர் சாலைவழியே வர வேண்டும். சென்னை நெரிசலில் மீனம்பாக்கம் போய்ச் சேர்வதையும், குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாகவே பெட்டியை ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு ஐந்து மணி நேரம் ஆவது வியப்பில்லை.

2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத், சுமார் 650 கிலோமீட்டரை 8 மணி நேரத்துக்குள் கடக்கிறது. விடியற்காலையில் நெல்லையில் ஏறினால் பிற்பகல் 2 மணிக்குள் எழும்பூர் வந்துவிடலாம் என்றாலும், பகலில் பாதி பயணத்திலேயே போய்விடுகிறது. நெல்லை எக்ஸ்பிரஸ் இதைவிட மெதுவானதுதான். ஆனால் இரவில் எழும்பூரில் ஏறிப் படுத்தவர் தாழையூத்து தாண்டும்போது எழுந்து உட்கார்ந்தால், அன்றைய பகல் முழுவதும் அவர் கையில் இருக்கிறது. வேலைக்குப் போகிறவருக்குத் தூரத்தை அதிகம் குறைப்பது, என் கணிப்பில், இந்த இரவு ரயில்தான். அதில் படுக்கை கிடைக்காமல் முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே வருகிறவருக்கோ அதே 650 கிலோமீட்டர் இரு மடங்காகிவிடுகிறது. அத்தகைய பெட்டிகளைக் கூட்டுவதும் தூரத்தைக் குறைக்கும் பணியே என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கேள்வி: அப்படியானால் வேகத்துக்கு மதிப்பில்லையா?
– வாசகர், மதுரை

பதில்: உண்டு. 1977 ஆகஸ்ட் 15 அன்று உங்கள் ஊருக்கு வந்த வைகை எக்ஸ்பிரஸ், மீட்டர் கேஜ் எனப்படும் குறுகிய பாதையிலேயே சுமார் 7 மணி நேரத்தில் சென்னையைத் தொட்டது. காலையில் மதுரையில் புறப்பட்டவர் அன்று பிற்பகலிலேயே தலைநகரில் ஓர் அலுவலை முடிக்க முடிந்தது. அதே சமயம், 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானபோது, அந்தப் பேருந்துகளின் வேகம் சிறிதும் கூடவில்லை. ஆயினும் டிக்கெட்டுக்குக் காசு பார்த்துப் பக்கத்து ஊர்ச் சந்தைக்கோ மருத்துவமனைக்கோ போவதைத் தள்ளிப்போட்டுவந்த பெண்களுக்கு அந்த ஊர்கள் அருகில் வந்துவிட்டன.