வயர்லெஸ் சார்ஜரா, கேபிளா? வாங்குவோர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி போன் சார்ஜரைப் பற்றியதாகவே இருந்ததால், மற்றவற்றை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் சுருக்கி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: 14,000 ரூபாய்க்குப் புதிய போன் வாங்கினேன். கூடவே 1,600 ரூபாய்க்கு வயர்லெஸ் சார்ஜரும் எடுத்தேன். போனை வைத்தால் விளக்கு மின்னுகிறதே தவிர, சார்ஜ் ஏறவில்லை. பழுது எதில்? – வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: இரண்டிலும் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. வயர்லெஸ் முறையில் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் சுருள் உங்கள் போனுக்குள் இருக்காது; அந்த விலையில் விற்கும் போன்களில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. போனின் விவரப் பட்டியலில் ‘வயர்லெஸ் சார்ஜிங்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது. அதைப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு பொருளைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பெட்டியோடு கடைக்குப் போய் வேறு பொருளாக மாற்றித் தரக் கேட்டுப் பாருங்கள்; பொருளில் குறையில்லாதபோது அது அவர்கள் மனம் வைத்தால்தான் நடக்கும். போனின் முதுகில் ஒட்டி, சார்ஜ் போடும் துளையில் செருகும் மெல்லிய பட்டை ஒன்றை, இதை மாட்டினால் வயர்லெஸ் வசதி வந்துவிடும் என்று உங்களிடம் காட்டுவார்கள். அதில் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும். துளையையும் அது அடைத்துக்கொள்ளும். அந்தச் செலவும் வேண்டாம்.

கேள்வி: விலை உயர்ந்த போன் வைத்திருக்கிறேன். இரவில் வயர்லெஸ் சார்ஜரில் வைத்துவிட்டுத் தூங்குவது வழக்கம். ஏறும்போது தொட்டுப் பார்த்தால் சுடுகிறது. பேட்டரி கெட்டுவிடுமா? மின் கட்டணமும் கூடுமா? – வாசகி, ஓசூர்

பதில்: மின் கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி முழுதாக நிரம்ப ஏறக்குறைய 19 வாட்-மணி மின்சாரம் போதும். வயர்லெஸ் முறையில் நாளொன்றுக்கு இன்னொரு 10 வாட்-மணி வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டு முழுவதற்கும் சேர்த்து அது நான்கு யூனிட்டைத் தாண்டாது. ஆனால் வீணாகும் அந்த மின்சாரம் வெப்பமாக மாறுகிறது, அதில் ஒரு பகுதி பேட்டரிக்குப் பக்கத்திலேயே மாறுகிறது என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

சார்ஜர் தட்டுக்குள் ஒரு செம்புச் சுருளும், போனின் முதுகுக்குள் இன்னொரு சுருளும் இருக்கின்றன. தட்டிலுள்ள சுருளில், நொடிக்கு ஒரு லட்சம் சுழற்சிக்கு மேல் திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம் ஒரு காந்தப் புலத்தை எழுப்ப, அந்தப் புலம் போனிலுள்ள சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. இரண்டு சுருள்களும் நேருக்கு நேர் அமைந்திருந்தால் இழப்பு குறைவு. போன் ஒரு விரற்கடை விலகிக் கிடந்தாலும், பேக் கவர் தடிமனாக இருந்தாலும், இழப்பும் சூடும் கூடும். லித்தியம் அயனி பேட்டரியை வேகமாக முதுமையடையச் செய்பவை இரண்டு: ஒன்று வெப்பம், மற்றொன்று நூறு சதவீதம் நிரம்பிய நிலையிலேயே நெடுநேரம் கிடப்பது. இரவு முழுவதும் தட்டில் கிடக்கும் போனுக்கு இரண்டும் சேர்ந்து வாய்க்கின்றன.

ஆகவே படுக்கும் முன் பேக் கவரைக் கழற்றுங்கள். போனை நடுவில் பார்த்து வையுங்கள். 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி அமைப்புகளில் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். மெத்தையின் மேலோ தலையணைக்கு அடியிலோ சார்ஜரை ஒருபோதும் வைக்காதீர்கள். இதமான சூடு இயல்புதான். கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அந்தச் சார்ஜரை இனிப் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: பேருந்து நிலையத்தில் 50 ரூபாய்க்கு விற்கும் கேபிளை அவசரத்துக்கு வாங்கலாமா? – வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: வேண்டாம்.

கேள்வி: என் போனுக்கு 80 வாட் வேகம் என்று விளம்பரம் செய்தார்கள். பழைய சார்ஜர் தொலைந்ததால் வேறு நிறுவனத்தின் 65 வாட் சார்ஜரும் கேபிளும் வாங்கினேன். ஆமை வேகத்தில் ஏறுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? – வாசகர், பர்கூர்

பதில்: ஏமாற்று இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. 80 வாட், 100 வாட் என்று விளம்பரப்படுத்தப்படும் வேகங்கள் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் சொந்த முறைகள். அதே நிறுவனத்தின் அடாப்டரும் கேபிளும் சேர்ந்தால்தான் அந்த வேகம் வரும். வேறு அடாப்டரைச் செருகினால், போனும் அடாப்டரும் தமக்குப் பொதுவாகத் தெரிந்த முறைக்கு இறங்கி வருகின்றன. அது பல போன்களில் 10 முதல் 20 வாட்டுக்குள் நின்றுவிடுகிறது. 65 என்பது அடாப்டர் தரக்கூடிய உச்சம். உங்கள் போன் அதனிடம் எதைக் கேட்டு வாங்கத் தெரிந்து வைத்திருக்கிறது என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

அடுத்த முறை அடாப்டரைத் திருப்பி, பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2.22 ஆம்பியர் என்று வரிசையாக எழுதியிருக்கும்; வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும். ‘பி.பி.எஸ்’ என்ற எழுத்துகளோடு 3.3–11 வோல்ட் என்பது போன்ற வரி இருந்தால், சாம்சங் உள்ளிட்ட பல போன்களுக்கு அது நல்ல வேகம் தரும். அதோடு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். போன் அடாப்டர்களுக்கு இந்தப் பதிவு கட்டாயம். அந்த அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணைத் தட்டினால் தயாரிப்பாளர் பெயர் வரும். பெட்டியில் இருக்கும் பெயரோடு அது பொருந்தவில்லை என்றால் பொருளைக் கீழே வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

கேபிளுக்கும் இதேபோல் ஒரு கணக்கு உண்டு. இரு முனையும் சி பின் உள்ள கேபிளில் அடையாளச் சிப் இல்லையென்றால் 3 ஆம்பியருக்கு மேல், அதாவது 60 வாட்டுக்கு மேல், அடாப்டர் அதன் வழியே போக விடாது; 100 வாட்டுக்கு 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். பெங்களூரில் நான் வாங்கிய ஒரு கேபிளின் மேல் ‘100 வாட்’ என்று பளபளக்க அச்சிட்டிருந்தது. நூல் பின்னிய உறை, கனமான முனை, நல்ல விலை. மடிக்கணினியில் செருகினால் 60-ஐத் தாண்டவே இல்லை. உள்ளே சிப் வைக்காமல் வெளியே எண்ணை மட்டும் அச்சிட்டு விற்பது அப்பட்டமான பொய். அந்தக் கேபிளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கேள்வி: 900 ரூபாய் கொடுத்து வயர்லெஸ் சார்ஜர் வாங்கினேன். ஒரே வாரத்தில் கருகிய வாடை வந்து நின்றுவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகையைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். பில் தரவில்லை. ஜிபேயில் பணம் அனுப்பியது மட்டும் இருக்கிறது. கூலி வேலை செய்கிறேன் ஐயா, இது எனக்குப் பெரிய தொகை. – வாசகர், அரூர்

பதில்: உங்கள் பணத்தை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. 2020 ஜூலை 20-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதும் முறையற்ற வணிகமே. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைக் கடைச் சுவரில் மாட்டிய ஒரு பலகை ரத்து செய்துவிட முடியாது.

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச அனுமதியுங்கள், ஏனென்றால் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் போன் உதிரிப் பொருள் விற்கும் கடைகளில் நான் ஓயாமல் காணும் அநியாயம் இதுதான். பில் கேட்டால், “பில் வேண்டுமென்றால் ஜி.எஸ்.டி. தனியாகத் தர வேண்டும்” என்கிறார்கள். பொட்டலத்தின் மேல் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரிகளும் அடக்கம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவும் அவர்களுக்கு உரிமையில்லை. அந்த விலையும், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், குறை சொல்ல ஒரு தொலைபேசி எண்ணும் பொட்டலத்தில் இருந்தாக வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. வெறும் பிளாஸ்டிக் உறையில், பெயரும் ஊரும் இல்லாமல் தொங்கும் சார்ஜரை யார் செய்தார், எங்கே செய்தார் என்று எவராலும் சொல்ல முடியாது. அது எரிந்தாலும், போனை எரித்தாலும், பொறுப்பேற்க ஆளில்லாதபடி திட்டமிட்டே அப்படி விற்கப்படுகிறது. பில் தராமல் இருப்பதும் அதே திட்டத்தின் ஒரு பகுதி. பத்துப் பேர் பில் கேட்டு நின்றால் பதினோராவது ஆளுக்குக் கேட்காமலே தருவார்கள். நாம்தான் “சின்னப் பொருள்தானே” என்று வந்துவிடுகிறோம்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். வாங்கிய நாள், தொகை, குறை மூன்றையும் எழுதி, பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டுக் கடைக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஜிபேயில் பணம் போனதைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டும் வங்கிக் கணக்கு விவரமும் பணம் கொடுத்ததற்குச் சான்றாகும். கருகிய சார்ஜரைத் தூக்கி எறிய வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. மனு எழுதத் தடுமாற்றம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். நான் எழுதித் தருகிறேன்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய சார்ஜர் வேலை செய்யவில்லை. விற்பவர் டெல்லியில் இருக்கிறார். வழக்குப் போட டெல்லிக்கா போவது? – வாசகர், ஊத்தங்கரை

பதில்: வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு முன், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள்; 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கவும், ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்கவும் அவர் கடமைப்பட்டவர்.

கேள்வி: சேலம்–பெங்களூரு வாடகைக் கார் ஓட்டுகிறேன். கண்ணாடிக்குக் கீழே மாட்டும் வயர்லெஸ் சார்ஜர் ஹோல்டர் வாங்கினேன். மதியத்தில் தொப்பூர் தாண்டுவதற்குள் போன் சூடாகிச் சார்ஜ் நின்றுவிடுகிறது. – வாசகர், சூளகிரி

பதில்: மேலே வெயில், உள்ளே வழிகாட்டும் வரைபடமும் இணையமும், பின்னால் சார்ஜர் சுருள் என மூன்று பக்கமும் சூடு சேரும்போது, பேட்டரியைக் காப்பாற்ற போன் தானே சார்ஜை நிறுத்திக்கொள்கிறது. ஐபோனை 35 டிகிரிக்கு மிகாத சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சித்திரை வெயிலில் நின்ற காரின் கண்ணாடிக்குப் பின்னால் வெப்பம் அதைவிட வெகுவாக அதிகம். ஏ.சி. காற்று வரும் இடத்தில் ஹோல்டரை மாற்றி மாட்டி, பகலில் நல்ல கேபிளில் சார்ஜ் போடுங்கள். உங்கள் தொழிலுக்குக் கேபிள்தான் ஏற்றது.

கேள்வி: ஏ.டி.எம். அட்டையைப் போன் உறைக்குள் வைத்தபடியே வயர்லெஸ் சார்ஜரில் வைப்பேன். இப்போது அட்டை வேலை செய்யவில்லை. சார்ஜர் நிறுவனம் பொறுப்பேற்குமா? – வாசகர், பாலக்கோடு

பதில்: ஏற்காது. அட்டையை எடுத்துவிட்டு வைக்க வேண்டும் என்று சார்ஜரோடு வரும் தாளிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். தயவுசெய்து அதைப் படியுங்கள். நாணயம், சாவி, உலோக வளையம் எதையும் இடையில் விடாதீர்கள். அவை கை பொசுங்கும் அளவுக்குச் சூடாகலாம்.

கேள்வி: காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் புது வகை வயர்லெஸ் சார்ஜர் உண்மையில் மேலானதா? – வாசகி, பென்னாகரம்

பதில்: மேலானதுதான். ஆப்பிள் 2020-இல் ஐபோன் 12-உடன் கொண்டுவந்த காந்த வளையத்தை அடிப்படையாக வைத்து, 2023-இல் ‘கியூஐ 2’ என்ற பொதுத் தரம் வந்தது. காந்தம் இரண்டு சுருள்களையும் தானாகவே நேருக்கு நேர் நிறுத்துவதால், விலகலால் வரும் சூடும் வீணும் குறைகின்றன. 2023-இல் வந்த அந்தத் தரம் 15 வாட் வரை தருகிறது. ஆனால் ‘கியூஐ 2 ரெடி’ என்று விற்கப்படும் சில போன்களுக்குள் காந்தம் இருப்பதில்லை. காந்தமுள்ள பேக் கவரைத் தனியாக வாங்க வேண்டும். அந்த விலையையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மாவு மில் நடத்துகிறேன். போனின் சார்ஜ் துளையில் மாவு அடைத்துக்கொள்கிறது, பின் சரியாக உட்காருவதில்லை. துளையை மாற்ற 1,500 ரூபாய் கேட்கிறார்கள். என் போனில் வயர்லெஸ் வசதி இருக்கிறது. – வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: வயர்லெஸ் சார்ஜரை நான் மனதார வாங்கச் சொல்வது உங்களைப் போன்றவர்களுக்குத்தான். சி பின் துளை பத்தாயிரம் முறை செருகி எடுக்கத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. தேய்வதைவிட அடைப்பினால்தான் அது பெரும்பாலும் முரண்டு பிடிக்கிறது. எனவே பணம் கொடுத்து மாற்றும் முன், போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குச்சியின் நுனியால் துளையின் அடியில் இறுகியிருக்கும் மாவை மெல்லச் சுரண்டி எடுங்கள். நடுவிலுள்ள மெல்லிய நாக்கை அழுத்த வேண்டாம். ஊசியும் குண்டூசியும் கூடவே கூடாது. பத்தில் பல போன்கள் இதிலேயே சரியாகிவிடும். அதன் பிறகு மில்லில் இருக்கும் நேரத்தில் வயர்லெஸ் சார்ஜரைப் பயன்படுத்தி, துளைக்கு ரப்பர் மூடி ஒன்று போட்டுவையுங்கள். சார்ஜர் தட்டோடு அடாப்டர் தருகிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். பலர் தருவதில்லை, உங்களிடம் இருக்கும் பழைய 5 வாட் அடாப்டரில் 15 வாட் தட்டு ஒழுங்காக வேலை செய்யாது. பில்லையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.