குதிகால் முள்ளும் முப்பது விநாடி நாற்காலியும்

கேள்வி: காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் சுரீரென்று குத்துகிறது. நடக்க நடக்கக் குறைகிறது. எக்ஸ்ரேயில் 'முள் வளர்ந்திருக்கு' என்கிறார்கள். ஆறு மாதமாகப் பந்து உருட்டுகிறேன், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். முள்ளை எடுத்தால்தான் தீருமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முள்ளை விட்டுத்தள்ளுங்கள். வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் அது இருக்கும். குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் கெட்டியான பட்டைக்கு பிளான்டர் ஃபேசியா என்று பெயர். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பெரும்பாலும் அதில் வரும் கோளாறுக்கு உரியவை. பந்தும் வெந்நீரும் அப்போதைக்கு இதமாக இருக்கும், ஆனால் பட்டைக்குத் தாங்கும் வலுவைத் தராது. அதற்குப் பளு கொடுக்க வேண்டும்.

டென்மார்க்கில் ராத்லெஃப் குழுவினர் 48 பேரிடம் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கான பயிற்சி இருக்கிறது. ஒரு துண்டை இறுக்கிச் சுருட்டிப் படியின் விளிம்பில் வையுங்கள். கால் விரல்கள் துண்டின் மேல் நன்றாக மடங்கி நிற்க வேண்டும், குதிகால் படிக்கு வெளியே இருக்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலில் மட்டும் நின்று, 3 விநாடியில் குதிகாலை உயர்த்தி, மேலே 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்குங்கள். முதலில் 12 தடவை வீதம் 3 சுற்று. இரண்டு வாரம் கழித்து, முதுகுப்பையில் புத்தகங்களைப் போட்டு மாட்டிக்கொண்டு 10 தடவை, 4 சுற்று. நான்கு வாரத்துக்குப் பிறகு பையை இன்னும் கனமாக்கி 8 தடவை, 5 சுற்று. ஒற்றைக் காலில் முடியாவிட்டால் இரண்டு காலிலும் தொடங்கலாம்.

பலர் சறுக்குவது இரண்டு இடத்தில். துண்டை விரலடியில் வைக்காமல் உள்ளங்காலுக்கு அடியில் வைத்தால் பட்டை இழுபடாது, வேலை முழுக்கக் கெண்டைச்சதைக்குப் போய்விடும். இரண்டாவது, ஆர்வக்கோளாறில் தினமும் செய்வது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் செய்ய வேண்டும். பயிற்சியின்போது கொஞ்சம் வலிக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். மறுநாள் காலை முதல் அடி முன்னைவிட மோசமாக இருந்தால் பளுவைக் குறையுங்கள்.

மூன்றாம் மாதத்தில் இந்தப் பளுப் பயிற்சி செய்த குழுவினர், வெறுமனே பாதத்தை நீட்டி இழுக்கும் பயிற்சி செய்தவர்களைவிடத் தெளிவாகத் தேறியிருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரு குழுவும் ஏறத்தாழ ஒன்றுதான். அதாவது இதில் லாபம் சீக்கிரம் தேறுவது. இரு குழுவுக்கும் காலணிக்குள் வைக்கும் மெத்தையும் கொடுத்திருந்தார்கள். அதுவும் உதவியிருக்கலாம் என்பதால், வீட்டுக்குள் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நடப்பதைக் குறையுங்கள். குதிகாலை இருபக்கமும் அமுக்கினால் கடுமையாக வலித்தாலோ, மரத்துப்போனாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, மூட்டுத் தேய்மானம். தொடையில் வலு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: முடியும். சுமார் 43 செ.மீ. உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மெத்தை வைத்தது வேண்டாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். நேரம் முடியும்போது பாதிக்கு மேல் எழுந்திருந்தால் அதையும் சேர்க்கலாம். கையை ஊன்றி எழுந்தால் கணக்கு பூஜ்யம்தான், இதில் மகன் தாட்சண்யம் பார்க்கக் கூடாது! 65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11-க்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு, விழும் அபாயமும் அதிகம் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கிறது. இந்த அளவு அங்குள்ளவர்களை வைத்து வந்தது. ஆகவே எண்ணைவிட, மாதம் ஒருமுறை அதே நாற்காலியில் எண்ணி, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்பது கட்டாயம்.

கேள்வி: கணுக்கால் சுளுக்கி மூன்று வாரம் ஆகிறது. வீக்கம் போய்விட்டது. கபடி ஆடலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளி, தொட முடிகிற கடைசி இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்து இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். சுளுக்கிய கால் 2 செ.மீ.க்கு மேல் பின்தங்கினால் கணுக்கால் இன்னும் மடங்கவில்லை, களம் வேண்டாம். சரியாக இருந்தாலும், ஒற்றைக் காலில் தடுமாறாமல் குதித்து இறங்கி, பக்கவாட்டில் வெட்டி ஓட முடிந்த பிறகே இறங்குங்கள்.