இடுப்புவாரும் மாட்டுத்தலையும்

அன்புள்ள அக்கா,

நான் ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். காலை ஏழு முதல் இரவு ஏழு வரை ஷிஃப்ட். சமைக்க நேரம் கிடைக்காமல் ஒரு ஸ்லோ குக்கர், அதாவது மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரப் பானை, வாங்கினேன். போன வாரம் ‘ஸ்லோ குக்கர் ஸ்டேக் ஃபஹிட்டா’ என்று ஒரு மெக்சிகோ பாணிக் கறிக் குறிப்பைப் பார்த்து, ஸ்கர்ட் ஸ்டேக் என்னும் மாட்டுக்கறியை மெல்லிசாக வெட்டி, குடைமிளகாய், வெங்காயம், டின் தக்காளி, சீரகத்தூள், மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு எல்லாவற்றையும் காலையிலேயே போட்டு ‘லோ’வில் எட்டு மணி நேரம் வைத்தேன். இரவு வந்து திறந்தால் கறி சாம்பல் நிறத்தில் நூல் நூலாகக் கிடக்கிறது, மென்றால் சக்கை. குடைமிளகாய் கூழாகிவிட்டது. பையன்கள் டார்ட்டியா என்ற மெக்சிகோ ரொட்டியில் சுருட்டிச் சாப்பிட்டுவிட்டார்கள். மறுநாள் என்னோடு வேலை செய்யும் பெண்ணிடம் சொன்னேன். அவள் டெக்சாஸின் மெக்சிகோ எல்லையோரத்து ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் பிறந்தவள். “அது ஃபஹிட்டாவே இல்லை” என்று சிரித்தாள்.

எங்கே தவறினேன்? எந்தக் கம்பெனி குக்கர் நல்லது? மாட்டுக்குப் பதில் சிக்கன் போடலாமா? அடுத்த முறை ஊறவைத்த ராஜ்மாவையும் கூடவே போட்டுவிடலாமா? இன்னொன்று, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. என் அம்மா அடுப்பின் முன்னால் நின்று எங்களுக்குச் சமைத்தார். நான் பொத்தானை அழுத்திவிட்டு வேலைக்குப் போய்விடுகிறேன். இது ஏமாற்று வேலையா அக்கா?

க., ஹூஸ்டன்

அன்புள்ள க.,

முதலில் ராஜ்மா. தயவுசெய்து போடாதீர்கள். பச்சை ராஜ்மாவில் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் மெல்லிய சூட்டில் கொட்டை வெந்த மாதிரி தெரியும், நஞ்சு உள்ளேயே இருக்கும். நாலைந்து கொட்டை போதும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவதற்கு. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, தனிப் பாத்திரத்தில் அரைமணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகு குக்கரில் சேருங்கள். இல்லையென்றால் டின்னில் வருவதை வாங்குங்கள், அது ஏற்கெனவே வெந்தது. ஒரு நர்ஸ் தன் பிள்ளைகளுக்கு இதைப் பரிமாற இருந்தார் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கம்பெனி எதுவானாலும் சரி. மூடி ஒழுங்காக உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கன் விஷயத்தை அப்படி ஒரு வரியில் விட எனக்கு மனம் வரவில்லை. போன மாதம் ஓர் உணவகத்தில் ஃபஹிட்டா கேட்டேன். சிக்கனா, இறாலா, காளானா என்று கேட்டார்கள். மாடு அந்தப் பட்டியலில் நாலாவதாக வந்தது. அன்றிலிருந்து அந்தச் சொல் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

1990களின் கடைசியில் மூன்று வருடம் நாங்கள் சான் அன்டோனியோவில் வாடகை வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுபதைத் தாண்டியவர். எல்லையோரத்து ஸ்டார் கவுண்டியில் ஒரு பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா அங்கே வக்கேரோ, அதாவது மாடு மேய்த்து ஓட்டும் குதிரைக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர் பாதியாக அறுத்த இரும்பு டிரம்மில் மெஸ்கீட் கட்டையை எரித்துக் கங்காக்குவார். மெஸ்கீட் வேறொன்றுமில்லை, நம் ஊர் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். அந்தப் புகை எனக்குப் பழகிய புகை. அதனால்தான் முதல் தடவை வேலியருகே போய் நின்றேன்.

அவர் ஸ்கர்ட்டின் மேல் படிந்திருக்கும் வெள்ளைச் சவ்வை மொட்டைக் கத்தியால் நெம்பி, பேப்பர் டவலால் பிடித்து ஒரே இழுப்பாக உரித்துக்கொண்டிருந்தார். நான் பேச்சுக்காக, “சிக்கனிலும் ஃபஹிட்டா செய்வீர்களா?” என்று கேட்டேன். கத்தியைக் கீழே வைத்தார். அந்தப் பச்சைக் கறிப் பட்டையை இரண்டு கையாலும் தூக்கித் தன் ஏப்ரனுக்கு மேல் இடுப்போடு வைத்துக் காட்டினார். “ஃபாஹா என்றால் இடுப்பில் கட்டும் வார், மிஹா. ஃபஹிட்டா என்றால் சின்ன வார். கோழிக்கு இது எங்கே இருக்கிறது, காட்டு” என்றார். அவர் சிரிக்கவில்லை.

மிஹா என்றால் மகளே. அதற்குப் பிறகு அவர் என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

உங்கள் தோழி சிரித்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஃபஹிட்டா என்பது சமையல் முறையின் பெயராக இருப்பதற்கு முன்னால் ஒரு துண்டுக் கறியின் பெயர். மாட்டின் உதரவிதானம், மூச்சை இழுத்துவிடும் தசை. நீளமான, தட்டையான, முரட்டு இழை கொண்ட பட்டை. பக்கத்துக்கு ஒன்று, ஒரு மாட்டுக்கு இரண்டுதான். பண்ணையில் மாடு அடித்தால் நல்ல கறியெல்லாம் முதலாளி வீட்டுக்கும் சந்தைக்கும் போகும். தலை, தோல், குடல், இந்த வார், இவையெல்லாம் கூலியின் ஒரு பகுதியாக வேலையாட்களுக்கு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் கற்பித்த ஹோமெரோ ரெசியோ இந்த வரலாற்றைத் தேடிப் போனவர். அவர் இதை 1930களின் தெற்கு டெக்சாஸ் பண்ணைகள் வரை கொண்டுபோகிறார். பெரியவர் அதைத் தன் அப்பாவின் சனிக்கிழமையாகவே சொன்னார். அப்பா கோணிப்பையில் தலையையும் தோளில் மடித்துப் போட்ட வாரையும் கொண்டுவருவாராம். வார் அன்று மாலையே கங்கில் விழும். பக்கத்துக்கு மூன்று நிமிடம், அதற்கு மேல் இல்லை.

அப்புறம் அது ஊருக்குள் வந்தது. 1969 செப்டம்பரில் கைல் என்ற ஊரில் மெக்சிகோ விடுதலை நாள் கொண்டாட்டத்தின்போது சானி ஃபால்கன் என்ற கசாப்புக்காரர் ஃபஹிட்டா டாக்கோவுக்கு, அதாவது அந்தக் கறியை மடித்துவைத்த டார்ட்டியாவுக்கு, கடை போட்டார். 1973இல் உங்கள் ஹூஸ்டனிலேயே, நேவிகேஷன் சாலையில், கணவரை இழந்த நின்ஃபா லாரென்சோ பத்து மேசை போட்டு, கரியில் சுட்ட அந்தக் கறியை டார்ட்டியாவில் வைத்துக் கொடுத்தார். ஒரு நாள் விடுமுறையில் அந்தத் தெருவுக்குப் போய்வாருங்கள். 1982இல் ஆஸ்டினின் ஹயாட் ஹோட்டலில் சமையல் தலைவர் ஜார்ஜ் வைட்மன் சுறுசுறுவென்று சத்தமிடும் இரும்புத் தட்டில் வைத்துப் பரிமாறினார், ஊரே அங்கே திரண்டது. ஆனால் அவர் பயன்படுத்தியது சர்லாயின், மாட்டின் முதுகுப் பக்கத்து வேறு கறி. அந்த இடத்தில்தான் வார் அவிழ்ந்து விழுந்தது, பெயர் மட்டும் தட்டில் மிஞ்சியது. இன்று கடையில் ஸ்கர்ட் விலையைப் பாருங்கள். கூலியோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட துண்டை இன்று அந்தக் கூலிக்காரரின் பேரன் யோசித்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. சிக்கனை வெங்காயத்தோடு வதக்கிச் சாப்பிடுங்கள், நன்றாகவே இருக்கும். பையன்களிடம் அதற்கு ஃபஹிட்டா என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். ஒரு குடும்பம் ஒரு வாரம் உழைத்து வாங்கிய கூலியின் பெயர் அது.

சரி, உங்கள் பானைக்கு வருகிறேன்.

நீங்கள் தவறிய இடம் குக்கர் இல்லை, கறி. ஸ்கர்ட்டுக்கு நேரம் தேவையில்லை, வெக்கைதான் தேவை. பானைக்குள் எல்லாம் தண்ணீரில் வேகிறது, நூறு டிகிரியைத் தாண்டவே தாண்டாது. கறி சிவந்து முறுகி மணம் வர, அதன் மேற்பரப்பு நூற்று நாற்பதுக்கு மேல் போக வேண்டும். அதனால்தான் சாம்பல் நிறம். போதாததற்கு மெல்லிசாக வேறு வெட்டிப் போட்டிருக்கிறீர்கள். எட்டு மணி நேரத்தில் அந்தச் சின்னச் சின்னத் துண்டுகளிலிருந்து சாறு முழுவதும் பிழிந்து வெளியே போயிருக்கும். கியூபாக்காரர்கள் இதே மாதிரி நீள இழைக் கறியை முழுசாக வேகவைத்துப் பிய்த்து ‘பழைய துணி’ என்று பொருள்படும் ரோப்பா வியேஹா செய்கிறார்கள். அருமையான சாப்பாடு, ஆனால் அது வேறு சாப்பாடு.

இத்தனைக்கும் ஸ்கர்ட்தான் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் ஒருவருக்கு மிகச் சுலபமான கறி. காலையில் உப்பும் நசுக்கிய பூண்டும் தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். இரவு வந்ததும் ஈரத்தைத் துடைத்து, புகை வரும் அளவுக்குக் காய்ந்த இரும்புச் சட்டியில் போடுங்கள். பக்கத்துக்கு மூன்று நிமிடம். எடுத்து வைத்துவிட்டு அதே சட்டியில் குடைமிளகாயையும் வெங்காயத்தையும் ஐந்து நிமிடம் புரட்டுங்கள், அதற்குள் கறி ஆறியிருக்கும். இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்காக வெட்டுங்கள். நீளவாக்கில் வெட்டினால் ரப்பர், குறுக்காக வெட்டினால் கறி. எலுமிச்சை கடைசியில். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை மணி அலறும்.

குக்கரில்தான் செய்ய வேண்டும் என்றால் சக் எனப்படும் தோள்கறியை முழுத் துண்டாகப் போடுங்கள். ஃப்ரீஸரிலிருந்து நேராகப் போட வேண்டாம், முதல் நாளே எடுத்து உருகவிடுங்கள். குடைமிளகாய் பானைக்குள் போகவே கூடாது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஏமாற்று வேலையா என்று கேட்டீர்களே, அந்த வரியைப் படித்தபோது உங்களைத் திட்ட வேண்டும் என்றும் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட வேண்டும் என்றும் சேர்ந்தே தோன்றியது. நாள் முழுக்க நோயாளிகளைத் தூக்கி நிறுத்திவிட்டு வரும் பெண் யாரை ஏமாற்றுகிறாள்? இந்தக் குக்கரே எங்கிருந்து வந்தது தெரியுமா? லிதுவேனியாவின் யூத வீடுகளில் சனிக்கிழமை ஓய்வு நாள், அன்று தீ மூட்டக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன்னே பயறும் கறியும் போட்ட பானையை ரொட்டிக் கடை அடுப்பில் வைத்துவிடுவார்கள். அணைந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவெல்லாம் வேகும். அந்த உணவின் பெயர் சோலென்ட். அதன் கதையைத் தன் அம்மா சொல்லக் கேட்ட அமெரிக்கர் இர்விங் நாக்சன்தான் மின்சாரத்தில் அப்படி ஒரு பானையைச் செய்து 1940இல் காப்புரிமை பெற்றார். ரைவல் நிறுவனம் அதை வாங்கி 1971இல் கிராக்-பாட் என்று விற்றது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் கணக்கில் ஃபஹிட்டா என்ற சொல் அச்சேறியதும் அதே 1971.

இப்போது பெரியவர் சொன்ன மீதிக் கதை. அப்பா கொண்டுவந்த தலைக்கு என்ன ஆனது? முற்றத்தில் போஸோ என்று ஒரு குழி. அதில் மெஸ்கீட்டை எரித்துக் கங்காக்கி, தலையை ஈரக் கோணியில் சுற்றி இறக்கி, மேலே தகரம் போட்டு மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். ஞாயிறு காலை பூசைக்குப் போய்வந்து தோண்டினால் கறி கையோடு வரும். அதுதான் பார்பக்கோவா. ஒரே மாடு, ஒரே கூலி. வாருக்கு மூன்று நிமிடம், தலைக்கு ஒரு முழு இரவு. எது எதற்கு என்று அவர்களுக்குத் தெரியும். பிரவுன்ஸ்வில்லில் 1955இல் தொடங்கிய வேராஸ் கடையில் இன்றும் குழியில் மெஸ்கீட் கங்கில்தான் தலை வேகிறது, வார இறுதியில் மட்டும் கிடைக்கும். “வாரத்தில் அந்த ஓர் இரவுதான் எங்கள் அம்மா முழுசாகத் தூங்குவாள்” என்று பெரியவர் சொன்னார். பத்துப் பேருக்கு தினமும் விடியும் முன்னே எழுந்து டார்ட்டியா தட்டியவர் அந்த அம்மா. உங்கள் அம்மாவுக்கும் அப்படி ஒரு குழி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

முழுத்தலை வேண்டாம். உங்கள் ஊர் மெக்சிகோ கறிக்கடைகளில் கச்செத்தே என்று கேளுங்கள், மாட்டின் கன்னக் கறி. ஒன்றரைக் கிலோ. நாள் முழுக்க அசைபோட்ட தசை என்பதால் சவ்வு நிறைய இருக்கும், நீண்ட நேர மெல்லிய சூட்டில் அதெல்லாம் பசையாக உருகும். உப்பு, பூண்டு, ஒரு வெங்காயம், இரண்டு பிரிஞ்சி இலை, அரை டம்ளர் தண்ணீர், ‘லோ’. சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு வைத்துவிட்டுத் தூங்குங்கள், நடுவில் மூடியைத் திறக்காதீர்கள். காலையில் டார்ட்டியா, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை. அந்தத் தோழியையும் சாப்பிடக் கூப்பிடுங்கள். அவளுடைய தாத்தா எந்தப் பண்ணையில் வேலை செய்தார், சனிக்கிழமை என்ன கொண்டுவந்தார் என்று கேளுங்கள். அவள் சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா