டாடா மெஷின் வந்த ஐடிஐயில் பையனைச் சேர்க்கலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

பத்தாம் வகுப்பில் 318 மதிப்பெண் வாங்கிய உங்கள் மகன், பதினொன்றாம் வகுப்புக்குப் போகமாட்டேன், ஐடிஐதான் (தொழிற்பயிற்சி நிலையம்) என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் அப்பா, "படிப்பு வராத பிள்ளைகள் போகிற இடம் அது" என்று கோபப்படுகிறார். பக்கத்து ஊர் அரசு ஐடிஐக்கு டாடா கம்பெனி ரோபோ, சிஎன்சி (கணினி வழி இயங்கும் வெட்டு இயந்திரம்) எல்லாம் கொண்டுவந்து வைத்திருக்கிறதாம், அதை நம்பிச் சேர்க்கலாமா, இரண்டு வருஷம் வீணாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேர்க்கலாம். ஆனால் வாசலில் இருக்கும் புதுக் கட்டடத்தையும் பெயர்ப் பலகையையும் பார்த்துச் சேர்க்காதீர்கள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள். எதைப் பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் நீங்கள் கேள்விப்பட்ட விஷயம் உண்மைதான். தமிழக அரசும் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனமும் 2022-இல் ஓர் ஒப்பந்தம் போட்டன. 71 அரசு ஐடிஐக்களைச் சுமார் 2,877 கோடி ரூபாய் செலவில் தொழில் 4.0 தரத்துக்கு, அதாவது கணினியும் ரோபோவும் சேர்ந்த இன்றைய ஆலைகளின் தரத்துக்கு, உயர்த்துவது என்பது திட்டம். செலவில் பெரும்பங்கு நிறுவனத்தின் பக்கம், மீதி அரசுடையது. 2023 ஜூலையில் ஒரகடத்தில் முதலமைச்சர் இதைத் தொடங்கிவைத்தார். ரோபோ, சிஎன்சி இயந்திரங்கள், வடிவமைப்பு மென்பொருள், மின்வாகனப் பயிற்சிக் கருவிகள் என்று ஒரு பட்டறையே வந்து இறங்கியது. கூடவே புதிய தொழிற்பிரிவுகளும் வந்தன: தொழில்துறை ரோபோட்டிக்ஸ், உயர்நிலை சிஎன்சி மெஷினிங், உற்பத்தி ஆட்டோமேஷன், மின்வாகன மெக்கானிக் போன்றவை.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஐடிஐக்குள் ஒரு கம்பெனியின் பெயர் இருப்பதால் அந்தக் கம்பெனி வேலை தரும் என்று அர்த்தமில்லை. டாடா டெக்னாலஜிஸ் கார் செய்கிற கம்பெனி அல்ல, பொறியியல் சேவை நிறுவனம். இந்தத் திட்டத்தில் அதன் வேலை இயந்திரங்களை நிறுவுவது, பாடத்திட்டம் அமைப்பது, பயிற்றுநர்களைத் தயார் செய்வது. வேலை தரப்போவது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை என்று பரவிக் கிடக்கும் மற்ற நிறுவனங்கள். "டாடா ஐடிஐயில் படித்தால் டாடாவில் வேலை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கம்பெனிகளோடு சேர்ந்து ஐடிஐயை மேம்படுத்துவது புதிய யோசனை அல்ல. 2007-08-இல் மத்திய அரசு நாடு முழுவதும் 1,396 அரசு ஐடிஐக்களுக்கு இப்படி ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஐடிஐக்கும் ஒரு தொழில் நிறுவனம் கூட்டாளி. அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் தலைவராக ஒரு மேலாண்மைக் குழு. அந்தக் குழுவுக்கு 2.5 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன். குழு நன்றாக இயங்கிய இடங்களில் நல்ல கருவிகள் வந்தன, கேம்பஸ் இன்டர்வியூ நடந்தது, பிள்ளைகள் ஆலைக்குப் போய்ப் பழகினார்கள். குழு கூடாத இடங்களில் பணம் வங்கியில் வைப்புத்தொகையாகவே கிடந்தது. பணம் ஒரே அளவு, விதிமுறையும் ஒன்றே. ஆனால் கூட்டாளி நிறுவனம் எவ்வளவு அக்கறை காட்டியது, அந்த ஐடிஐயின் முதல்வர் எவ்வளவு துரத்திப் பிடித்தார் என்பதைப் பொறுத்து விளைவு மாறியது.

இப்போது அதைவிடப் பெரிய திட்டம் ஒன்று வந்திருக்கிறது. 2025-இல் ஒப்புதல் பெற்ற பி.எம். சேது திட்டத்தில் 60,000 கோடி ரூபாயில் 1,000 அரசு ஐடிஐக்களை மேம்படுத்தப் போகிறார்கள். 200 ஐடிஐக்கள் மையங்கள், 800 ஐடிஐக்கள் அவற்றோடு இணைந்த கிளைகள். மத்திய அரசு பாதி, மாநிலங்கள் 20,000 கோடி, தொழில்துறை 10,000 கோடி. சென்னையில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிலையமும் இதில் சிறப்பு மையமாக மாறப்போகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் உங்கள் பையன் சேரப்போவது 1,000 ஐடிஐயில் அல்ல, ஒன்றில். அந்த ஒன்று எப்படி இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல்.

ஆகவே ஒரு வேலைநாளில், காலை பத்து மணிக்கு மேல், பையனையும் அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு நேரே அந்த ஐடிஐக்குப் போங்கள். சேர்க்கைக்கு விசாரிக்க வந்திருக்கிறோம், பட்டறையைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே காட்டுவார்கள்.

சிஎன்சி இயந்திரத்தின் அருகே போய் அடியில் இருக்கும் தட்டைப் பாருங்கள். வெட்டிய இரும்புச் சுருள்கள் அதில் கிடக்கின்றனவா? கூலன்ட் எண்ணெயின் வாடை வருகிறதா? கதவுக் கண்ணாடியில் தெறித்த கறை இருக்கிறதா? இருந்தால் அந்த இயந்திரம் ஓடுகிறது, பிள்ளைகள் அதில் கை வைக்கிறார்கள். பளபளவென்று, கன்ட்ரோல் பேனலின் மேல் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படாமல் இருந்தால் அது காட்சிக்கு நிற்கிறது என்று அர்த்தம். ரோபோ பக்கம் போனால், அதை இயக்கக் கையில் பிடிக்கும் கருவியான டீச் பெண்டன்ட் எங்கே என்று கேளுங்கள். கையில் எடுத்துக் காட்டினால் நல்லது. "அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம், சாவி இருப்பவர் இன்று வரவில்லை" என்றால் கவலைப்பட வேண்டியதுதான்.

அப்புறம் அங்கே படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம் உங்கள் பையனைப் பேசவிடுங்கள். நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். "இந்த மெஷினில் நீயே புரோகிராம் போட்டு ஒரு ஜாப் முடித்திருக்கிறாயா? வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்?" இந்த இரண்டு கேள்வி போதும். பிள்ளைகள் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

பயிற்றுநர்களைப் பற்றியும் கேளுங்கள். இதுபோன்ற ஒப்பந்தங்களில் தொடக்க காலத்தில் நிறுவனமே ஆட்களை அனுப்பும். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அவர்கள் போய்விடுவார்கள். அதற்குள் அரசுப் பயிற்றுநர்கள் அந்த இயந்திரத்தைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். "ரோபோ பிரிவை இப்போது யார் சார் எடுக்கிறார்? அவர் இதற்குப் பயிற்சிக்குப் போய்வந்திருக்கிறாரா?" என்று தயங்காமல் கேளுங்கள். எத்தனை கோடி இயந்திரம் இருந்தாலும் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையென்றால் பையனுக்குப் பயனில்லை. என்னைக் கேட்டால், பழைய லேத் (கடைசல் இயந்திரம்) வைத்துக்கொண்டு உயிரைக் கொடுத்துக் கற்றுத்தரும் பயிற்றுநர் இருக்கிற ஐடிஐயைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

இனி எந்தத் தொழிற்பிரிவு என்ற கேள்வி. பையன் ரோபோட்டிக்ஸ் என்கிறான், அக்கம்பக்கத்தில் ஃபிட்டர் (இயந்திரப் பாகங்களைத் தேய்த்துப் பொருத்தும் பிரிவு) போடு என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. படிப்புக் காலம். ரோபோட்டிக்ஸ் ஓராண்டுப் பிரிவு. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன், உயர்நிலை சிஎன்சி எல்லாம் ஈராண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மேல்நிலை வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றும் பெறலாம். ஓராண்டுப் பிரிவில் சேர்ந்தால் இந்தக் கதவுகள் உடனே திறக்காது. பையனுக்குப் பதினைந்து வயதுதான் ஆகிறது. மேற்படிப்பு வழியை இப்போதே அடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

அதனால் என் யோசனை: உயர்நிலை சிஎன்சி அல்லது ஃபிட்டர். ரோபோட்டிக்ஸை அதற்கு மேல் ஒரு படியாக வைத்துக்கொள்ளலாம். ஃபிட்டர் பிரிவில் முதல் சில வாரங்கள் ஓர் இரும்புத் துண்டை வைஸில் பிடித்து அரத்தால் தேய்த்துக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். கை காய்த்துப்போகும். மட்டம் பார்க்க டிரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நடுவில் ஒரு கீற்று தெரியும், மறுபடி தேய்க்க வேண்டும். பையன் வீட்டுக்கு வந்து, "ரோபோ காலத்தில் இதை எதற்குச் செய்யச் சொல்கிறார்கள்" என்று சலித்துக்கொள்வான். பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்றால் என்ன என்று கையால் உணர்ந்தவன்தான் சிஎன்சியில் பிழை வரும்போது எங்கே தவறு என்று கண்டுபிடிப்பான். ஆலைகளில் ஆள் எடுப்பவர்களிடம் பேசும்போது அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: வரைபடம் படிக்கத் தெரிய வேண்டும், வெர்னியர், மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவிகளைப் பிடிக்கத் தெரிய வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும். மற்றதை நாங்கள் சொல்லிக்கொடுத்துக்கொள்கிறோம் என்பார்கள்.

செலவைப் பற்றிப் பயப்படாதீர்கள். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பேருந்து அட்டை, மிதிவண்டி, சீருடை, காலணி, பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள் எல்லாம் அரசே தருகிறது. பையன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். (உங்கள் சின்ன மகளுக்கு நாளை இதே வழி வேண்டுமென்றால் புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. ஐடிஐக்கும் அது பொருந்தும்.)

படித்து முடித்த பிறகுதான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூவில் "டிரெய்னி" என்று ஒரு கடிதம் தருவார்கள். டிரெய்னி வேறு, அப்ரன்டிஸ் வேறு. அப்ரன்டிஸ் (தொழிற்பழகுநர்) என்பது 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி நடப்பது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரன்டிஸ் எடுக்க வேண்டும். ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகும், குறைந்தபட்ச உதவித்தொகை உண்டு, முடிவில் தேர்வு எழுதித் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். பல பொதுத்துறை வேலைகளுக்கு அந்தச் சான்றிதழ் மதிப்புள்ளது. பதிவு இல்லாத டிரெய்னி வேலையில் ஒரு வருஷம் உழைத்தாலும் கையில் மிஞ்சுவது அனுபவக் கடிதம் மட்டும்தான், அதுவும் கேட்டு வாங்கினால். ஆகவே கடிதம் வந்ததும், "அப்ரன்டிஸ் போர்ட்டலில் பதிவு செய்வீர்களா, ஒப்பந்த எண் கிடைக்குமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். அப்ரன்டிஸ் முடித்ததும் அதே நிறுவனம் நிரந்தர வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பெரம்பூர் ஐசிஎஃப், திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி, அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் அப்ரன்டிஸ் எடுக்கும் அறிவிப்புகளைத் தவறாமல் பார்த்துவரச் சொல்லுங்கள். ரயில்வேயில் உதவி லோகோ பைலட், டெக்னீஷியன் பணிகளுக்கும் ஐடிஐ தகுதிதான்.

நீங்கள் பார்க்கப்போகும் ஐடிஐயில் இருமுறைப் பயிற்சி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பாடம் ஐடிஐயில், செய்முறையில் சில மாதங்கள் நேரடியாக ஆலையில் என்று நடக்கும் முறை அது. கம்பெனிக் கூட்டு உண்மையில் வேலை செய்கிறதா என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல அடையாளம் அதுதான். ஆலைக்குள் மாதக்கணக்கில் உங்கள் பையனை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும் நிறுவனம், பெயர்ப் பலகையோடு நின்றுவிடவில்லை.

அவன் அப்பாவிடம் நான் பேச வேண்டும் என்றால் தயங்காமல் அழைத்து வாருங்கள். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவர் பார்த்த காலத்தில் பல ஐடிஐக்கள் உடைந்த லேத்தும் காலி நாற்காலியுமாகத்தான் இருந்தன. மகனுக்கும் அப்படி ஆகிவிடக்கூடாது என்று நினைக்கிறார். அவரை வாதத்தில் ஜெயிக்கப் பார்க்க வேண்டாம். பட்டறைக்குள் கூட்டிப்போங்கள். பார்த்துவிட்டு அவர் "வேண்டாம்" என்றால், எதனால் என்று கேளுங்கள். அவர் காட்டும் குறை உண்மையானதாகவும் இருக்கலாம், அப்படியென்றால் வேறு ஐடிஐ பார்ப்போம்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். எந்த ஐடிஐ, எந்தப் பிரிவு என்று வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடக்கும். 318-க்கு நல்ல பிரிவு கிடைக்க வாய்ப்பு இருக்கிறது, ஆனால் ஒரே ஓர் ஐடிஐயை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். தினமும் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் மூன்று நான்கு ஐடிஐக்களையாவது நேரில் பார்த்து, பிடித்த வரிசையில் போடுங்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றிலும் பையன் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று இந்த வாரமே சரிபார்த்துவிடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாங்க நாளாகும்.