தப்பே செய்யாதவனிடமும் கணக்குக் கேட்பாரா?

ஞாயிறு ஆராதனையைத் தவறவிடுவதில்லை, தப்பும் செய்வதில்லை, ஆனால் மனசு ஒட்டவில்லை. இதற்கும் தேவனிடம் கணக்குண்டா என்கிறீர்கள். உண்டு. மத்தேயு 25-இல் எஜமான் கொடுத்த தாலந்தை (பணத்தை) மண்ணில் புதைத்து வைத்த வேலைக்காரன் திருடவில்லை, சும்மா இருந்தான். மாட்டியது அவன்தான்.

வெளிப்படுத்தல் 3-இல் லவோதிக்கேயா சபை வெதுவெதுப்பாக இருந்ததற்குத் திட்டு வாங்கியது. அங்கே 'குளிர்' என்றால் அவிசுவாசம் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்து எராப்போலியில் வெந்நீர் ஊற்று, கொலோசேயில் குளிர்ந்த நீர், இரண்டுமே உதவும். பினாங்கு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) தே தாரிக், அதாவது ஆற்றிய பால் தேநீர், சுடச்சுட வேண்டும், ஐஸ் போட்ட தே ஐஸும் நல்லதுதான். பேச்சு சுவாரஸ்யத்தில் மறந்துபோய், ஆறி ஆடை படிந்த கிளாஸை யார் தொடுவார்?

அப்புறம், ஜெபத்தில் வறட்சி வேறு, அலட்சியம் வேறு. அலட்சியக்காரர் இந்தக் கேள்வியையே கேட்கமாட்டார். முதலில், கொஞ்ச நாளாக ஆராதனைக்கு வராதவர் வீட்டுக்கு ஓர் எட்டு போய்வாருங்கள்.