யுஎன்ஜி (யுராசில் டிஎன்ஏ கிளைகோசிலேஸ்) நொதி டிஎன்ஏவில் யுராசிலை மட்டும் எப்படிக் கண்டுபிடித்து வெட்டுகிறது? தைமினை ஏன் விட்டுவிடுகிறது?

இரண்டும் காரங்கள், அதாவது மரபுச் செய்தியின் எழுத்துகள். யுராசிலுக்கும் தைமினுக்கும் வித்தியாசம் ஐந்தாம் கார்பனில் இருக்கும் ஒரு மீத்தைல் தொகுதிதான். அந்த மீத்தைலுக்கு நொதியின் குழிக்குள் இடமில்லை. இரண்டாம் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

சைட்டோசின் தண்ணீரில் தானாகவே அமினோ தொகுதியை இழந்து யுராசில் ஆகும். மனிதச் செல் ஒவ்வொன்றிலும் தினமும் நூற்றுக்கணக்கில் இது நடப்பதாகக் கணக்கு. சரிசெய்யாமல் விட்டால், நகலெடுக்கும்போது அந்த யுராசிலுக்கு எதிரே குவானினுக்குப் பதில் அடினின் வந்து உட்காரும். அடுத்த சுற்றில் அது நிரந்தரமான சடுதிமாற்றம். இதைத் தடுக்கும் நொதி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று தேடி, 1974-இல் ஈ. கோலை பாக்டீரியாவில் கண்டுபிடித்தவர் தாமஸ் லிண்டால். 2015 வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர்.

மனிதரில் ஒரே யுஎன்ஜி மரபணுவிலிருந்து இரண்டு வடிவங்கள் வருகின்றன. மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகும் யுஎன்ஜி1-இல் 304 அமினோ அமிலங்கள், உட்கருவுக்குப் போகும் யுஎன்ஜி2-இல் 313. முன்முனை மட்டும்தான் வேறு. வினைபுரியும் பகுதி இரண்டிலும் ஒன்றே. படிக அமைப்பைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் யுஎன்ஜி1-இன் எண்களைப் பயன்படுத்தும், செல் ஆய்வுக் கட்டுரைகள் யுஎன்ஜி2-இன் எண்களை. எண் என்பது சங்கிலியில் அந்த அமினோ அமிலம் இருக்கும் இடம். அதனால் ஒன்றில் அஸ்பார்ட்டேட் 145 என்று இருப்பதே இன்னொன்றில் 154. இந்த 9 எண் வித்தியாசத்தைக் கவனிக்காமல் தவறான இடத்தில் மாற்றம் செய்துவிட்டு, "நொதி இன்னும் வேலை செய்கிறதே" என்று குழம்புவது எளிது. கீழே தருவது யுஎன்ஜி1 எண்கள்.

நொதியின் நடுவில் நான்கு இழை பீட்டா தகடு, சுற்றிலும் ஆல்ஃபா சுருள்கள், ஒரு பக்கத்தில் டிஎன்ஏ படியும் பள்ளம். கார ஜோடிகள் தாமாகவே கணநேரம் திறந்து மூடுவதுண்டு. நொதி டிஎன்ஏவின் முதுகெலும்பை (சர்க்கரை-பாஸ்பேட் சங்கிலியை) இறுக்கி வளைத்து, அப்படி வெளியே வரும் காரத்தைப் பிடித்துக்கொள்கிறது. லியூசின் 272 சிறு பள்ளத்தின் வழியே நுழைந்து காலியான இடத்தை அடைத்துக்கொள்வதால் காரம் சட்டென்று திரும்பிப் போக முடியாது.

குழிக்குள் போன காரத்துக்கு மூன்று சோதனை. பியூரின்கள் (அடினின், குவானின்) பெரியவை, உள்ளே கொள்ளாது. தைமின் வந்தால் அதன் மீத்தைல், டைரோசின் 147-இன் வளையத்தில் இடிக்கும். சைட்டோசினின் ஹைட்ரஜன் பிணைப்பு அமைப்பு அஸ்பராஜின் 204-உடன் ஒத்துப்போகாது. இது வெறும் ஊகமில்லை. டைரோசின் 147-ஐ அலனினாக மாற்றினால் நொதி தைமினை வெட்டத் தொடங்குகிறது; அஸ்பராஜின் 204-ஐ அஸ்பார்ட்டேட்டாக மாற்றினால் சைட்டோசினை வெட்டுகிறது. ஒரு நொதியின் தேர்வுத்திறனை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சோதனை அரிது என்பேன். தேறிய யுராசிலுக்கும் சர்க்கரைக்கும் இடையிலான பிணைப்பு அஸ்பார்ட்டேட் 145, ஹிஸ்டிடின் 268 இரண்டின் உதவியோடு அறுபடும். ஒரு நீர் மூலக்கூறு சர்க்கரையில் சேரும்.

வெட்டுவது காரத்தை மட்டும்தான், இழையை அல்ல. பிறகு மற்ற நொதிகள் வரும்: ஏபிஇ1 இழையை நறுக்கும், பாலிமரேஸ் பீட்டா மிச்சச் சர்க்கரையை நீக்கி சரியான நியூக்ளியோடைடை வைக்கும், லிகேஸ் 3 ஒட்டும்.

ஆய்வகத்தில் புதியவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். யுராசில் உள்ள ஒற்றை இழைத் துண்டில் நொதியைச் சேர்த்து துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் நேராக ஓட்டினால், தெளிவான குட்டைப் பட்டை வராது. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கி, காரமிழந்த இடத்தை உடைத்த பிறகே ஓட்ட வேண்டும். உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ ஊற்றி வினையை நிறுத்தவும் முடியாது, ஏனென்றால் இந்த நொதிக்கு உலோக அயனியே தேவையில்லை. நிறுத்த நல்ல வழி யுஜிஐ என்ற 84 அமினோ அமிலப் புரதம். தன் டிஎன்ஏவில் தைமினுக்குப் பதில் யுராசிலையே வைத்திருக்கும் பிபிஎஸ்2 பாக்டீரியா வைரஸ், தன்னைக் காத்துக்கொள்ளச் செய்துகொள்ளும் புரதம் அது. டிஎன்ஏ போல நடித்து நொதியின் பள்ளத்தை அடைத்துவிடும்.

இந்த நொதி இல்லாமல் பிறப்பவர்களுக்குப் புற்றுநோய்தான் முதலில் வரும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் முதலில் தெரிவது நோயெதிர்ப்புக் குறைபாடு. எதிர்ப்பொருள் செய்யும் பி செல்களில் ஏஐடி என்ற நொதி வேண்டுமென்றே சைட்டோசினை யுராசிலாக்கும். யுஎன்ஜி அதை வெட்டினால்தான் ஐஜிஎம் வகையிலிருந்து ஐஜிஜி, ஐஜிஏ வகைகளுக்கு எதிர்ப்பொருள் ஒழுங்காக மாற முடியும். வெட்டாவிட்டால் ஐஜிஎம் மிகுந்து மற்றவை குறையும். தொற்றுகள் திரும்பத் திரும்ப வரும்.