ஏவுகணை கரையில் நிற்கிறது, கண் எங்கே?

பருத்தித்துறையில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “சிறிய நாடு போர்க்கப்பல் வாங்குவதைவிடக் கரையில் ஏவுகணைகளை நிறுத்துவதே மேல் என்று பாடசாலை விவாதத்தில் பேசப்போகிறேன். 290 கிலோமீட்டர் பாயும் ஏவுகணை இருந்தால், அந்தத் தூரத்துக்குள் எந்தக் கப்பலும் வர முடியாதுதானே, ஐயா?”

வரலாம் தம்பி. எதிரணி உங்களை மடக்கப்போகும் இடமும் இதுதான்.

உங்கள் ஊர் வெளிச்சவீட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் உச்சியில், கடல்மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரத்தில், ஒரு ராடாரை வைத்ததாக நினையுங்கள். பூமி உருண்டை என்பதால் ராடார் அலைக்கும் ஓர் அடிவானம் உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அந்தத் தூரம் கிலோமீட்டரில் வரும். வெளிச்சவீட்டுக்கு 22.6. எதிரில் வரும் கப்பலின் உச்சிக்கம்பம் 25 மீட்டர் என்றால் அதற்கு 20.6. இரண்டையும் கூட்டினால் 43 கிலோமீட்டர். மிச்சம் 247 கிலோமீட்டருக்கு ஏவுகணை பாயும், ஆனால் எங்கே பாய்வது என்று சொல்ல ஆளில்லை. விமானமோ ட்ரோனோ செய்மதியோ வேண்டும். செலவு ஏறுவது அங்கேதான்.

இதே கணக்கு கப்பலையும் விடாது. கடலுக்கு 5 மீட்டர் மேலே தாழப் பறந்துவரும் ஏவுகணையை, அதே 25 மீட்டர் கம்பத்திலுள்ள கப்பலின் ராடார் 30 கிலோமீட்டரில்தான் முதலில் காணும். செக்கனுக்கு 290 மீட்டர் வேகம் என்றால், கப்பற்காரருக்குக் கிடைப்பது ஒன்றே முக்கால் நிமிடம். உங்கள் அணிக்கு இதைவிடப் பலமான வாதம் கிடைக்காது.

உதாரணம் கேட்டால் 1982 போக்லாந்துப் போரைச் சொல்லுங்கள். ஆர்ஜென்டீனாக்காரர் தங்கள் போர்க்கப்பல் ஒன்றிலிருந்த எக்ஸோசெட் ஏவுகணைகளைக் கழற்றி, இழுவைவண்டியில் ஏற்றி, கரைக்குக் கொண்டுவந்தார்கள். கைவேலைதான். யூன் 12 அதிகாலை பிரித்தானியாவின் கிளமோர்கன் கப்பலில் அது பட்டு 14 பேர் இறந்தார்கள். பிரித்தானியக் கப்பல்கள் இரவிரவாக வந்து கரையைச் சுட்டுவிட்டுப் போவது வழக்கமாக இருந்தது. அந்த வழக்கம்தான் காட்டிக்கொடுத்தது. 2022 ஏப்ரலில் உக்ரைனின் நெப்டியூன் ஏவுகணைகள் ரஷ்யாவின் மொஸ்க்வா கப்பலைத் தாக்கின. கருங்கடல் படையின் தலைமைக்கப்பலே மூழ்கியது. பிலிப்பைன்ஸ் 2022இல் இந்தியாவின் பிரமோஸ் ஏவுகணைகளுக்கு ஒப்பந்தம் போட்டதும் கரையில் நிறுத்தத்தான். லொறியில் ஏற்றலாம், சுட்டுவிட்டு இடம் மாறலாம், பனைகளுக்குள் மறைக்கலாம். கப்பலை எங்கே மறைப்பது?

சரி, எதிரணி கெட்டிக்காரராக இருந்தால் 2006ஐ எடுப்பார்கள். யூலை 14 அன்று லெபனான் கரையிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணை ஒன்று இஸ்ரேலின் ஹனித் கப்பலைத் தாக்கியது. அதே இரவு இன்னொரு ஏவுகணை போய்ப் பட்டது, சம்பந்தமே இல்லாத ஒரு வணிகக்கப்பலில். ஏவுகணையின் தலையில் இருக்கும் ராடாருக்கு இரும்பு தெரியும், கொடி தெரியாது. இழுவைப்படகுகள் நிறைந்து கிடக்கும் ஓர் இரவில் நம் கடலைப் பார்த்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடலில் எது யாருடையது என்று நேரில் போய்ப் பார்க்கவும், கள்ளக்கடத்தலை மறிக்கவும், தத்தளிக்கும் வள்ளத்தை இழுத்துவரவும் ஏவுகணையால் ஆகாது. அதற்குச் சிறு ரோந்துக் கப்பலாவது வேண்டும். ஆகவே “கப்பலே வேண்டாம்” என்று பேசாதீர்கள். “பெரிய கப்பல் வேண்டாம்” என்று பேசுங்கள், நிற்கும்.

அப்புறம், பாக்கு நீரிணையை உதாரணமாகக் காட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அங்கே ஆழம் குறைவு, பெரிய போர்க்கப்பல் வந்தால் தரைதட்டும். கொழும்பிலிருந்து வங்காள விரிகுடாவுக்குப் போகும் பெரிய கப்பல்கள் இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையைச் சுற்றித்தான் போகின்றன.